எடிட்டரை விட்டு வெளியே வராதவர்

தண்ணீர் கேட்பதற்கு முன்னால்கூட அவருடைய உதடு சத்தமில்லாமல் ஒரு முறை அசையும். முதலில் பார்த்தபோது வாயில் பாக்கு ஒதுக்கியிருக்கிறார் என்று நினைத்தேன். சில நாட்கள் பக்கத்தில் இருந்து பார்த்த பிறகுதான் விளங்கியது. சொல்லப் போவதை உள்ளே ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்கிறார். சரியாக இருந்தால் வெளியே விடுவார். இல்லாவிட்டால் திருத்துவார். திருத்தி முடிப்பதற்குள் தண்ணீர் கொண்டுவர வேண்டிய ஆள் அடுத்த மேஜைக்குப் போயிருப்பான்.

திருப்பதியில் நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்ட மெஸ்ஸில் இது தினமும் நடக்கும். சப்ளையர் வந்து இட்லி, பூரி, பொங்கல் என்று ஒப்பித்துவிட்டு நிற்பான். இவர் உதடு அசையும். "சார் ஜெபம் பண்றாரு, நீ சொல்லுப்பா" என்று என்னைப் பார்த்துச் சொல்வான். நான் எதைக் கேட்டேனோ அதையே அவருக்கும் வைப்பான். அந்தக் காலத்தில் அவர் துன்ன டிபன் எல்லாம் என் வாய்க்குப் பிடித்த டிபன். ஒரு நாளும் அதற்காகக் கோபப்பட்டதில்லை. "நல்லாத்தான் இருக்கு" என்பார், அதையும் கொஞ்சம் நேரம் கழித்து.

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். நாயுடுபேட்டையில் லாரி கிளீனர், சூளூர்பேட்டையில் மீன் வண்டிக்கு ஐஸ் உடைப்பது, புத்தூரில் ஒரு ரைஸ் மில் என்று சுற்றினேன். ஒரு இடத்தில் சோறு கிடைத்தாலும் கால் நிற்காது. எண்பதுகளின் கடைசியில் திருப்பதிக்கு வந்தபோது, கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில் ஜெனரேட்டர் ஓட்ட ஆள் தேடுகிறார்கள் என்று சொன்னார்கள். டீசல் இன்ஜின் எனக்குப் பழக்கம். போய்ச் சேர்ந்தேன். கரண்ட் இருக்கிற நேரத்தில் சும்மா உட்கார வேண்டாம் என்று பிரிண்டரையும் என் தலையில் கட்டினார்கள். பேப்பரை மாட்டுவது, அடித்து வருவதைக் கிழித்து அடுக்குவது, ரிப்பன் மாற்றுவது. ராத்திரி ஜெனரேட்டர் ஷெட்டிலேயே படுத்துக்கொள்ளலாம். டீசல் நாற்றம் ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

சென்டரில் பால் சங்கங்களுக்குச் சீட்டு அடித்துக் கொடுப்பார்கள். எந்த வீட்டுக்காரர் எத்தனை லிட்டர் ஊற்றினார் என்று ஆளுக்கொரு சீட்டு. கல்லூரி மார்க், கரண்ட் பில் வேலையும் வரும். ஏ.சி. போட்ட ஓர் அறை. ஒரு பெரிய பெட்டி, அதிலிருந்து ஒயர் இழுத்துச் சில டெர்மினல்கள், கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. அங்கே புரோகிராம் பார்ப்பவர் அவர். சித்தூரில் பழைய மிஷன் சபையைச் சேர்ந்த தமிழ்க் குடும்பம். பி.எஸ்சி. படித்து, சென்னையில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்தவர். வாரம் முழுக்கத் திருப்பதியில் ஒரு அறையில் தங்குவார். சனிக்கிழமை மாலை பஸ் ஏறி சித்தூருக்கு அம்மாவிடமும் மனைவியிடமும் போவார்.

அவர் வேலை செய்யும் விதம் விசித்திரமானது. எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். அந்த மிஷினில் ஷெல் என்று ஒன்று உண்டு. அதனிடம் ஒரு வரி அடித்து என்டரைத் தட்டினால் உடனே செய்துவிடும். நீ யார், யோசித்தாயா, எதுவும் கேட்காது. எடிட்டர் என்று இன்னொன்று. அது எழுதுகிற இடம். எழுதலாம், அழிக்கலாம், திரும்ப எழுதலாம், யாருக்கும் எதுவும் ஆகாது. சென்டரில் இருந்த ஆப்பரேட்டர் பெண், சந்திரகிரியிலிருந்து வருகிற தெலுங்குப் பெண், ஷெல்லில் நேராக அடித்துத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். தப்பானால் "அய்யய்யோ" என்று சிரித்துவிட்டு மறுபடி அடிப்பாள். இவர் அப்படிச் செய்யவே மாட்டார். ஷெல்லுக்குச் சொல்ல வேண்டியதை எடிட்டருக்குள் உட்கார்ந்து எழுதுவார். பார்ப்பார். ஒரு எழுத்தை மாற்றுவார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்ப்பார். பிறகு எடிட்டருக்குள் இருந்தபடியே அதை ஷெல்லுக்கு அனுப்புவார்.

"ஏன் சார் சுத்தி வளைக்கிறீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அங்க அடிச்சா அடிச்சதுதான் தம்பி. இங்க இருந்தா திருத்தலாம்" என்றார்.

அந்தப் பழக்கத்தால் வந்த வினையில் முதலாவது, பால் சீட்டு. ஃபைலுக்கு 'பாலு' என்று பெயர் வைத்திருந்தார். தெலுங்கில் பால். அதிலிருந்து பெயரையும் லிட்டரையும் எடுத்துச் சீட்டில் போடச் சொல்லும் ஒரு நீண்ட வரியை எடிட்டரில் எழுதி, காலை முழுக்கத் திருத்தி, அங்கிருந்தே பிரிண்டருக்கு விட்டார். பேப்பர் ஓடியது. நான் கிழித்து அடுக்கினேன். இங்கிலீஷ் எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும்; படித்துப் பார்க்கவில்லை. கட்டுகள் போய்ச் சேர்ந்தன. இரண்டாம் நாள் காலை நகரி பக்கத்துச் சங்கத்திலிருந்து ஒரு பெரியவர் துண்டில் சீட்டுகளை மூட்டை கட்டிக்கொண்டு மாடி ஏறி வந்தார்.

"இன்னா சார் இது? எங்க ஊர்ல இருக்கிற அத்தன பேரும் பாலுஸா? என் பொண்டாட்டியும் பாலுஸ், என் பங்காளியும் பாலுஸ். அவன்கூட நான் பேசி வருஷமாவுது."

வாங்கிப் பார்த்தால், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாச் சீட்டிலும் 'பாலுஸ்'. லிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 'பாலுட்'.

"எருமை எவ்ளோ கறந்துதுன்னா பாலுட் கறந்துதாம். அத்த அளந்து ஊத்த எந்தக் கடையில சார் படி விக்கிறான்?" என்றார் பெரியவர். ஆப்பரேட்டர் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். முதலாளி சிரிக்கவில்லை.

அடுத்து வந்த நாட்களில் அவர் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மேற்கோள் குறியில்தான் கோளாறு என்று முதலில் நினைத்தார். ஒற்றைக் குறியை இரட்டை ஆக்கினார். இருந்த பாலுஸும் போய் வெறும் பிழைச் செய்தி வந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால் சாய்ந்த கோடு போட்டுப் பார்த்தார். சாய்ந்த கோடுகளே சீட்டில் அச்சாகி வந்தன. பேப்பரைத் திருப்பிப் போட்டு அதன் பின்பக்கத்திலும் அடித்துக் கொடுத்தேன். கடைசியில் ஒரு மத்தியானம், வரியின் தலையில் 'எக்கோ' என்ற சொல்லைச் சேர்த்தார். அதைச் சேர்த்தால் மிஷின் வேலையைச் செய்யாதாம். நீ சொன்னது எனக்கு இப்படி வந்து சேர்ந்தது என்று திருப்பிச் சொல்லிக் காட்டுமாம். காட்டியது. பெயருக்காகச் சதவீதக் குறியும் 'எஸ்'ஸும், லிட்டருக்காகச் சதவீதக் குறியும் 'டி'யும் போட்டிருந்தார்; குறி இருந்த இடத்தில் எல்லாம் 'பாலு' உட்கார்ந்திருந்தது.

"ஷெல் மேல தப்பே இல்ல தம்பி" என்றார். திரையை விரலால் தொட்டுக் காட்டினார். "அதுக்குப் போறதுக்கு முன்னாடியே எடிட்டர் ஒரு வாட்டி படிச்சிருக்கு. சதவீதக் குறின்னா அதுக்கு, இப்ப திறந்து வெச்சிருக்கிற ஃபைலோட பேருன்னு அர்த்தம். மேற்கோளுக்குள்ள இருக்கேன்னு அது பாக்காது. அந்தப் பேர அங்க போட்டுட்டு, மிச்சத்த ஷெல்லுகிட்ட குடுத்திருக்கு. ஷெல் மேற்கோளைக் கழட்டிட்டு அதுக்கும் அடுத்தவன், சீட்டு அடிக்கிற புரோகிராம்கிட்ட குடுத்திருக்கு."

ஆப்பரேட்டர் பெண் அவள் இடத்திலிருந்தே சொன்னாள். "நேரா ஷெல்லுல அடிச்சிருந்தா நடுவுல எவனும் படிக்க மாட்டானே அண்ணா. அந்தே, அவ்ளோதான்."

அவர் உதடு அசைந்தது. "அங்க திருத்த முடியாதும்மா" என்றார்.

அதற்குப் பிறகு சதவீதக் குறிக்கு முன்னால் மட்டும் ஒரு சாய்ந்த கோடு போட்டு எடிட்டரிடமிருந்து அதைக் காப்பாற்றக் கற்றுக்கொண்டார். ஆச்சரியக் குறிக்கும் அதே வைத்தியம். எந்த வரியானாலும் முதலில் எக்கோ போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார். தப்பே வராது. ஆனால் எடிட்டரை விட்டு மட்டும் வெளியே வரவில்லை.

சித்தூரில் அவர் வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை கூட்டிப் போனார். அன்றைக்கு வீட்டில் ஜெபக்கூட்டம். எனக்குக் கும்பிட வேறு சாமி இருந்தது. கூட்டம் முடிந்து சாப்பாடு என்று சொன்னதால் போனேன். பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஆளாளுக்கு ஒருவர் பின் ஒருவராக வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். எழுதி வைத்துப் படிப்பது இல்லை, மனதில் வருவதைச் சொல்ல வேண்டும். அது அவர்கள் வழக்கம். ஒரு கிழவர் மழைக்காக ஜெபித்தார். ஒரு அம்மாள் மகள் பிரசவத்துக்காக. பிறகு இவர் முறை. கண்ணை மூடினார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். யாரோ மெதுவாக "ஸ்தோத்திரம்" என்றார்கள், ஆவியில் நிறைந்திருக்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும். அவர் முதல் வாக்கியத்தையே இன்னும் திருத்திக்கொண்டிருந்தார் என்பது அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று நான். இன்னொன்று அவர் மனைவி. குழம்பு கொதிக்கிற வாசனை வந்தது. மனைவி முழங்கையால் அவர் விலாவில் ஒரு இடி இடித்துவிட்டு, உரக்க "ஆமென்" என்றார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். சாப்பாடு போட்டார்கள்.

சோறு வைக்கும்போது அந்த அம்மாள் என்னிடம், "உங்க ஆபீஸ்லயும் இப்பிடித்தானா தம்பி?" என்று கேட்டார்.

"அங்க மிஷின் காத்திருக்குக்கா" என்றேன்.

"மிஷின் காத்திருக்கும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், அன்றைக்கு.

அந்த அம்மாள் சித்தூரில் நர்ஸ். வாரத்தில் பாதி ராத்திரி டியூட்டி. மாமியாருக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது, கொஞ்ச காலம் பகல் டியூட்டி கேட்டு வாங்கிக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று இவருக்குத் தோன்றியது. நியாயமான யோசனை. நேரே சொல்லியிருந்தால் ஒரு நிமிஷ வேலை. இவர் பல சனிக்கிழமைகள் அந்த வாக்கியத்தோடு சித்தூர் போய், அதே வாக்கியத்தோடு திங்கட்கிழமை திரும்பி வந்தார். மெஸ்ஸில் உட்கார்ந்து என்னிடம் சொல்லிப் பார்ப்பார். 'உனக்குக் கஷ்டமில்லைனா' முதலில் வர வேண்டுமா கடைசியிலா என்று கேட்பார். எனக்கு எங்கே வந்தால் என்ன. கடைசியில் அவராகச் சொல்ல முடியாமல், அம்மாவிடம் சொல்லி, அம்மாவைச் சொல்லச் சொன்னார்.

அந்த அம்மா மருமகளிடம் சொன்னது இவ்வளவுதான்: "நீ இனிமே ராத்திரி வேலைக்குப் போகக் கூடாதுன்னு என் பிள்ள சொல்றான்."

அடுத்த சனிக்கிழமை இவர் போனபோது மனைவி வீட்டில் இல்லை. வேலையை விட்டுவிட்டுக் குடிபாலாவில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார். 'ஒரே வீட்ல இருந்துகினு என்கிட்ட சொல்ல வாயில்லாதவரோட எனக்கு என்ன பேச்சு' என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுப் போனதாகத் தெரிந்தது.

திங்கட்கிழமை இவர் என்னிடம் சொன்னதை மறக்க முடியவில்லை. "அம்மா நடுவுல படிச்சிட்டாங்க தம்பி. நான் வெச்சதையெல்லாம் கழட்டிட்டாங்க." பால் சீட்டு கெட்டுப்போனபோது எப்படிப் பேசினாரோ அதே குரல். கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டதில் அவருக்குக் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது போலத் தெரிந்தது. இப்போது நினைத்தால் அந்த நிம்மதிதான் என்னைத் துன்புறுத்துகிறது. அவர் கண்டுபிடித்தது தப்பில்லை. ஆனால் அதிலிருந்து அவர் எடுத்த முடிவு, இந்த முறை யாரும் கழற்ற முடியாதபடி கட்டி அனுப்ப வேண்டும் என்பது.

என்னை அனுப்பினார். எனக்கு எங்கேயாவது பஸ் ஏறிப் போகச் சொன்னால் போதும். பிரிண்டர் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே எனக்குப் பாடம் நடந்தது. "நீயா ஒரு வார்த்தையும் சேக்காத. விடவும் விடாத. 'அவர் சொன்னது இது'ன்னு ஆரம்பி. முடிச்சதும் 'இவ்ளோதான் அவர் சொன்னது'ன்னு முடி. நடுவுல இருக்கறது அப்பிடியே போவணும்." திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். எக்கோ. ஆப்பரேட்டர் பெண் தலையில் அடித்துக்கொண்டாள். "நீங்களே போங்க அண்ணா. பஸ் டிக்கெட் ஒன்னுதானே?"

குடிபாலா சித்தூருக்கு அந்தப் பக்கம், வேலூர் ரோட்டில். அந்த அம்மாள் வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடி ஒப்பித்தேன். அவர் சொன்னது இது. ராத்திரி வேலை பற்றிச் சொன்னது அம்மாவின் உடம்பை நினைத்து, உன்னைத் தடுப்பதற்காக இல்லை. சொன்ன விதம் தவறாக இருந்தால் அதற்கு வருத்தப்படுகிறேன். உனக்கு எப்போது விருப்பமோ அப்போது வரலாம். விருப்பம் இல்லை என்றாலும் நான் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன். உன் முடிவு எதுவானாலும் அது சரியாகத்தான் இருக்கும். இவ்வளவுதான் அவர் சொன்னது.

ஒரு எழுத்து சிதறவில்லை. அந்த அம்மாள் உரிப்பதை நிறுத்தாமலே கேட்டார்.

"நல்லா மனப்பாடம் வருது உனக்கு. ஸ்கூல்ல உன்ன விட்டதுக்கு வருத்தப்பட்டிருப்பாங்க."

"இல்லக்கா, துரத்தித்தான் வுட்டாங்க."

"இதுல நான் வரணும்னு எங்க இருக்கு தம்பி?"

மனதுக்குள் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். இல்லை. அவ்வளவு பத்திரமாகக் கொண்டுவந்த மூட்டையில் அந்த ஒன்று மட்டும் வைக்கப்படவே இல்லை.

கடலைத் தோலை முறத்தில் தள்ளிவிட்டு அந்த அம்மாள் சொன்னார். "பம்பாய்ல ஒரு ஆஸ்பத்திரியில எங்க அத்த பொண்ணு இருக்கா. அங்க கூப்புட்டிருக்காங்க. போனா சீக்கிரம் வர முடியாது. போகட்டுமா வேணாமான்னு அவரு சொல்லட்டும். அவரு வாயால. உன்னை மறுபடி அனுப்புனா உனக்குச் சோறு போட்டு அனுப்புவேன், பதில் சொல்ல மாட்டேன். உன்கூட நான் குடும்பம் நடத்தல."

திருப்பதிக்கு வந்து அப்படியே சொன்னேன். அதையும் எழுத்துச் சிதறாமல் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். பிறகு, "நாமளே போலாம்" என்றார். நாமளே என்றதில் நானும் இருந்தேன். வேண்டாம் சார், நீங்க மட்டும் போங்க என்று சொன்னேன். கேட்கவில்லை.

லீவு போட்டு ஒரு செவ்வாய்க்கிழமை போனோம். திருப்பதியிலிருந்து சித்தூர் வரைக்கும் ஒரு வாக்கியம். சித்தூரில் பஸ் மாறினோம். குடிபாலாவுக்குள் நுழையும்போது அது வேறு வாக்கியமாகியிருந்தது. நன்றாகத்தான் இருந்தது. அதில் போகாதே என்பதும் இருந்தது.

அங்கே அவருடைய மாமியார் "ஸ்தோத்திரம்" சொல்லி உள்ளே உட்காரச் சொன்னார். அந்த அம்மாள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். "நீ இரு தம்பி" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். இவர் தொடங்கினார். தடங்கல் இல்லாமல், முன்பின் மாறாமல், பஸ்ஸில் கடைசியாக எப்படிச் சொன்னாரோ அப்படியே சொன்னார். அந்த அம்மாள் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் கேட்டார்:

"இத எத்தன பேர்கிட்ட சொல்லிப் பாத்தீங்க?"

பொய் சொல்லத் தெரியாத மனிதர். "தம்பிகிட்ட மட்டும்தான்" என்றார்.

நான் சுவரில் இருந்த வசன காலண்டரைப் பார்த்தேன்.

அந்த அம்மாள் சிரிக்க ஆரம்பித்தார், அது சிரிப்பாக முடியவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நான் கேக்கறேன். யோசிக்காம ஒன்னே ஒன்னு சொல்லுங்க. எப்பிடி வேணா இருக்கட்டும், தப்பா இருக்கட்டும். நான் பம்பாய்க்குப் போகட்டுமா வேணாமா?"

உதடு அசைந்தது.

"உதட்ட அசைக்காதீங்க. வாயத் திறந்து சொல்லுங்க. எனக்குத்தான் சொல்லப் போறீங்க, வேற யாருக்கும் இல்ல."

அவர் முகம் சிவந்துவிட்டது. நெற்றியில் வேர்வை. யாரோ பின்னாலிருந்து தள்ளியது போல ஒரு வார்த்தை வெளியே விழுந்தது.

"போறதுனா போ."

அவரே திடுக்கிட்டுப் போனார். அது அவர் குரலாகவே இல்லை. எடிட்டரில் கடைசியாகச் செய்ததை இல்லை என்று ஆக்க ஒரே ஒரு எழுத்தைத் தட்டினால் போதும். எனக்கே ஒரு தடவை செய்து காட்டியிருக்கிறார். அந்த எழுத்து இருக்கிற இடத்தை அவருடைய விரல் முழங்கால் மேல் தேடியதைப் பார்த்தேன். தட்டியது. ஒன்றும் நடக்கவில்லை.

"சரி" என்றார் அந்த அம்மாள். சண்டை போடவில்லை. எழுந்து போய் சோறு போட்டார். கத்திரிக்காய்க் குழம்பு. அவருக்கு மோர் வேண்டுமா என்று கேட்கவில்லை, அவர் பதில் சொல்வதற்குக் காத்திருக்கவும் இல்லை, ஊற்றிவிட்டுப் போனார். அவருக்கு மோர் பிடிக்கும் என்று அந்த அம்மாளுக்குத் தெரியும்.

திரும்பும் பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். ஊர் எல்லை தாண்டி கொஞ்ச தூரம் போனதும், முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நீ இல்லாத வீட்டுக்கு சனிக்கிழம போக எனக்கு பயமா இருக்கு. போகாத." என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கம்பியைப் பார்த்துச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "இது சரியா இருக்கா தம்பி?" என்றார்.

"சரியா இருக்கு சார். இறங்குங்க. நடந்தே போயிடலாம். போய் இதச் சொல்லுங்க."

கண்டக்டரைக் கூப்பிடக்கூடச் செய்தேன். கண்டக்டர் பின்னால் யாருக்கோ டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். இவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"இன்னைக்கு வேணாம். ஞாயித்துக்கிழம வரலாம். பயம்ங்கறத சொல்லலாமா வேணாமான்னு பாக்கணும். ஒரு ஆம்பள அப்பிடிச் சொன்னா அவ என்ன நெனப்பா?"

பயத்தைப் பற்றி எனக்கு நிறையத் தெரியும். லாரிக்கு அடியில் படுத்துத் தூங்கியவன். அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று வாரம் முழுக்க யோசிக்கிற வசதி மட்டும் எனக்கு வாய்த்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை அவர் சித்தூர் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை இஸ்திரி போட்ட சட்டையோடு ஷெட்டுக்கு வந்து என்னை எழுப்பினார். முகம் தெளிவாக இருந்தது. வாக்கியம் முடிந்துவிட்டது என்று தெரிந்தது. பஸ்ஸில் சொல்லிப் பார்க்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய நம்பிக்கையாக இருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாமியார் அப்போதுதான் ஆராதனை முடிந்து, பைபிளும் கையுமாக வந்து பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். பூட்டைப் பார்த்ததும் நான் நின்றுவிட்டேன். இவர் நிற்கவில்லை.

"வெள்ளிக்கிழமையே போய்ட்டாப்பா" என்றார் மாமியார்.

இவருக்கு உடனே பேச்சு வந்தது. அது ஒன்றுதான் அன்றைக்கு உடனே வந்தது. "எப்பிடிப் போனா?"

"திருப்பதிக்கு வந்து, ரேணிகுண்டாவுல பம்பாய் வண்டி. அவ தம்பி, சின்னவன், கூடப் போயி ஏத்திட்டு வந்தான்."

ரேணிகுண்டா போக திருப்பதி பஸ் ஸ்டாண்டில் இறங்கி வேறு பஸ் ஏற வேண்டும். பஸ் ஸ்டாண்டில் நின்று தலையைத் தூக்கினால் எங்கள் மாடி தெரியும். வெள்ளிக்கிழமை முழுக்க இவர் அங்கேதான் இருந்தார், நானும் இருந்தேன். அந்த அம்மாள் தலையைத் தூக்கிப் பார்த்தாரா என்று இவர் கேட்கவில்லை. மாமியாரும் சொல்லவில்லை.

உள்ளே போய் உட்காரும்படி மாமியார் சொன்னார். இவர் வாசற்படியிலேயே நின்றார். உதடு அசையவில்லை. நின்றபடியே முழுவதையும் சொன்னார். நீ இல்லாத வீட்டுக்கு சனிக்கிழமை போக எனக்குப் பயமாக இருக்கிறது, போகாதே என்று. பயத்தை எடுக்கவில்லை. ஒரு வாரம் யோசித்து அதை வைத்துக்கொள்ளத்தான் முடிவு செய்திருக்கிறார். பக்கத்து வீட்டில் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"இத அவகிட்ட சொல்லுங்க அத்தை" என்றார்.

மாமியார் பைபிளை இடுப்பில் அணைத்துக்கொண்டு அவரையே பார்த்தார். கோபம் இல்லை அந்த முகத்தில்.

"சொல்றேம்ப்பா. ஆனா நான் சொன்னா அது நான் சொன்னதாத்தான் இருக்கும்."

அவர் தலையாட்டினார். அதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.